பெயின்ட் ஏறாத இலை

தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்ற பழைய இரும்புச் சிலுவைக்கு, சுருள் சுருளாக ஓடிய கொடிகளிலும் நுனிகளில் விரிந்த இலைகளிலும் ஓர் இடம் விடாமல் அவளே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தாள்; மறுநாள் காலையில் குறுக்குக் கம்பியின் முனையில் ஓர் இலை மட்டும், உலையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல, வெறும் சாம்பல் நிறத்தில் நின்றது.

"ஒண்ணை விட்டுட்டியேம்மா," என்றார் மணியடிப்பவர்.

"நானா? புருஷனை விட்டாலும் விடுவேன், வேலையில விடமாட்டேண்ணே."

இலை பேக்கரிக்காரரின் வீட்டைப் பார்த்திருந்தது. அன்று சாயங்காலமே அவர் இறந்துபோனார். பிறகு தபால்காரரின் வாசலைப் பார்த்து இன்னொன்று புதிதாக முளைத்தது. அவரும் போனார்.

இன்று மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், ஒரு மொட்டு. பிறந்த குழந்தையின் கைபோல இறுக மூடியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலுக்குள் காய்ச்சலில் கிடந்தாள் மகள்.

தன் பட்டறையிலிருந்து கட்டிங் மிஷினை எடுத்துவந்து ஏணியைச் சாத்தினாள்.

"தொடாதேம்மா. எங்கப்பா காலத்துலயும் இப்படித்தான். விரிஞ்சா விரிஞ்சதுதான். உள்ள வந்து மண்டியிட்டுக் கேளு."

"எனக்குக் கெஞ்ச வராதுண்ணே. அறுக்க வரும்."

"சாமி சிலுவைம்மா அது!"

"சாமியோட எனக்கென்ன சண்டை? இந்த இரும்போடதான்."

ஈரக் காற்றும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்து முகத்தில் அடிக்க, மேலே ஏறி, இடது கையால் குறுக்குக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, வலது கையிலிருந்த கட்டிங் மிஷினை மொட்டின் காம்பில் வைத்தபோது, குளிர்ந்திருக்க வேண்டிய கம்பி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

அழுத்தினாள். பொறி பறக்கவில்லை. முடி கருகும் நாற்றம். மொட்டு கீழே கல்லில் விழுந்தது. இரும்பு விழும் சத்தமில்லை. சதை விழும் சத்தம்.

எதிரே ஜன்னல் திறந்தது. கணவன் கத்தினான்.

"ஏய், காய்ச்சல் விட்டுடுச்சுடி! பால் கேக்குறா!"

அவன் தோளுக்குப் பின்னால் மகளின் தலை தெரிந்தது. ஏணியில் நின்றபடியே அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மணியடிப்பவர் சிரிக்கவில்லை. ஓரடி பின்னால் போனார்.

"இறங்கும்மா."

"ஏண்ணே?"

"எல்லாம் உன்னைப் பாக்குது."

கிறீச். ஓர் இலை. இன்னொன்று. பேக்கரிக்காரருடையது. தபால்காரருடையது. யார் யாருடையதோ. வீடுகளை விட்டு அவள் பக்கம் திரும்பின.

இறங்கப் பார்த்தாள். இடது கை வரவில்லை.

விரல் எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது? தெரியவில்லை. கறுப்பு. மணிக்கட்டு வரை. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு மொட்டு. அவள் முகத்தைப் பார்த்தபடி.

மெல்ல விரிந்தது.

"அவளைத் தரல," என்றாள். "என்னை மட்டும் தந்துடுவேன்னு நெனச்சியா?"

கறுப்பு மேலே ஏறியது. அதற்கும் மேலே, தோல் இன்னும் தோலாக இருந்த இடத்தில் மிஷினை வைத்தாள். பல்லைக் கடித்தாள்.

அழுத்தினாள்.