முந்நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

ரலிட்சா வந்தபோது தோதர் மினேவ் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். காவல்துறையில் முப்பது வருடம் துப்பறிந்து ஓய்வுபெற்றவர். மருந்துக்கடை பெங்கா பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் எந்த வழக்கானாலும் அவரை முந்திக்கொண்டு போய் நிற்பவள் அவள்.

"மாசக் கடைசியோட என்னைப் போகச் சொல்லிட்டாங்க," என்றாள் ரலிட்சா. பத்தொன்பது வருடமாக அவள்தான் ஊர் நூலகர். "வாசகர் வட்டமும் இனி கூடக் கூடாதாம். எல்லாம் இந்த மொட்டைக் கடுதாசியால."

நகராட்சி கொடுத்த நகல் அது. தட்டச்சு செய்திருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் நூலகர் மேயரைக் கேலி செய்கிறார் என்று குற்றம் சாட்டியது: '341ஆம் பக்கத்தில், "எழுதிக் கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்கினான்" என்ற வரியைப் படித்துவிட்டு, நம் மேயருக்கும் தூக்கத்துக்குக் குறைவில்லை என்றார். வரும் வியாழனுக்குள் இதை நிறுத்த வேண்டும்.'

"அப்படிச் சொன்னீங்களா?" என்றார் மினேவ்.

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் அண்டைவீட்டாரை உளவு சொன்ன ஒருவனைப் பற்றிய நாவல் அது. கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. வட்டத்தில் அவளைத் தவிர மூன்று பேர். சவரக்கடை ஸ்தமெனை, உள்ளே சிகரெட் பிடித்ததற்காக அவள் வெளியே அனுப்பியதுண்டு. தபால் ஆபீஸ் யோர்தாங்கா வெளியூரிலிருந்து வந்தவள். அந்த ஆட்சியில் இவ்வூரில் இருந்தபோது சிறைக்குப் போன தன் அப்பாவைப் பற்றிய ரகசியப் போலீஸ் ஆவணக் கோப்பை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் லாஸர் பெனேவ்.

"பெனேவ் சார் எனக்கும் ஸ்தமெனுக்கும் பாடம் எடுத்தவர். இப்ப கண்ணு மங்கிப்போச்சு. அவருக்குன்னே தலைநகர் சோபியாலேர்ந்து புத்தகம் வரவழைச்சு, வீட்டுலயே கொண்டுபோய்க் கொடுக்கறேன்," என்றாள் ரலிட்சா.

பெங்கா அவள் பையிலிருந்த நாவலைப் புரட்டினாள். "இதுல மொத்தமே 228 பக்கம். எழுதினவன் புத்தகத்தைத் தொட்டதே இல்ல. வெளியாள் வேலைதான்."

"அந்த வரி சரியா இருக்கா?"

ரலிட்சா தேடினாள். "199ல இருக்கு. ஓர் எழுத்துகூட மாறல."

"வரியைச் சரியாப் பார்த்து எழுதினவன் பக்கத்தை மட்டும் ஏன் தப்பா எழுதணும்?" என்ற மினேவ் அடுப்பை அணைத்தார். "நாளைக்கு எல்லாரையும் அவங்கவங்க புத்தகத்தோட வரச் சொல்லுங்க. யோர்தாங்கா கோப்பையும் கொண்டு வரட்டும்."

மறுநாள் பிற்பகல் வாசிப்பறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மினேவ் அந்த வரியை எடுக்கச் சொன்னார்.

"நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது," என்றான் ஸ்தமென். "கைதுன்னா சொல்லிடுங்கய்யா, கடைல பாதி மழிச்ச ஆள் காத்திருக்கான்."

யோர்தாங்காவும் அதையே சொன்னாள். பெனேவ் புத்தகத்தைத் திறக்கவில்லை. மினேவ் அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். பார்வை குறைந்தவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தடித்த புத்தகம். விரித்துக் காட்டினார். 341.

"அப்ப வெளியாள் இல்லையா!" என்றாள் பெங்கா.

"ஏன் சார்?" என்றாள் ரலிட்சா பெனேவிடம்.

"அவர் குறி உங்க வேலை இல்ல," என்றார் மினேவ். "வியாழனுக்குள்ள நிறுத்தணும்னு எழுதியிருக்கார். வியாழக்கிழமை இங்க புதுசா வர இருந்தது அந்தக் கோப்பு ஒண்ணுதான்."

யோர்தாங்கா கோப்பை மேஜைமேல் வைத்தாள். அப்பாவைப் பற்றி ஒருவன் கைப்பட எழுதிய பதினோரு அறிக்கைகள். அடியில் புனைபெயர் மட்டும். அது யார் எழுத்தென்று அவளுக்குத் தெரியாது. ரலிட்சாவுக்கு முதல் வரியிலேயே தெரிந்தது. அவள் பள்ளி நோட்டுகளில் 'மிக நன்று' என்று எழுதிய அதே கை. ஸ்தமென் எட்டிப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு எண்பத்தி ரெண்டு வயசு," என்றார் பெனேவ். "இன்னும் கொஞ்ச நாள் நீங்க என்னை சார்னு கூப்பிடணும்னு நெனச்சேன்."

அவர் சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினார். எப்போதும் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப்போகும் ரலிட்சா எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போய், நடந்ததையெல்லாம் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பெரிய எழுத்துப் புத்தகத்தை ஆர்வத்தோடு புரட்டிக்கூடப் பார்த்தார்.

"யார் எழுதினா என்னம்மா?" என்றார். "நீங்க பேசினது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"அப்புறம் என்ன?"

மாதக் கடைசிவரை அவள் காத்திருக்கவில்லை. நூலகச் சாவியை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.