கிணற்றுக்குக் கட்டிய கயிறு

விடிந்ததும் கதவைத் திறந்த லூர்துமேரி, நிலைக்காலில் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தாள். பழைய கட்டுமரக் கயிறு. இடுப்பு உயரத்தில் புறப்பட்டு, கொல்லையைக் கடந்து, கிணற்றுத் தூணில் போய் முடிந்தது. துணி காயப்போட யாரும் அவ்வளவு இறுக்கிக் கட்டமாட்டார்கள்.

வேதநாயகம் பாயில் உட்கார்ந்திருந்தான். தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"இன்னாய்யா இது?"

"கயிறு."

"அது தெரியுது. எதுக்கு?"

"பனி எறங்கிச்சின்னா கெணறு தெரியாது."

அவள் சிரித்தாள். "தோ கீது கெணறு. எங்க ஓடிப்பூடும்?"

அவன் எழுந்துபோய் முடிச்சை இன்னும் இறுக்கினான்.

சாந்தோம் குப்பத்தில் அவனும் தேசப்பனும் ஒரே கட்டுமரத்தில் போனவர்கள். கப்பலில் கரி தள்ளும் வேலைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஓடிப்போனதாகச் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. வருடங்கள் போயின. இறந்தவர்களுக்கு வைக்கும் பூசையை இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்துவிடலாம் என்று குப்பத்தில் பேசினார்கள். தாலியைக் கழற்றமாட்டேன் என்று லூர்துமேரி ஒருத்திதான் சொன்னாள். இந்த மழைக்காலத்துக்கு முன் வேதநாயகம் மட்டும் திரும்பி வந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. குளிர் தின்றுவிட்டது என்றான்.

வந்தவன் கடலைப் பார்க்கக்கூட மறுத்தான். தண்ணீர் இல்லாத இடமாக வேண்டும் என்றான். மாம்பலத்தில் பாதி கட்டி நின்ற பங்களாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. பின்புறம் ஓர் அறை, ஒரு கிணறு. சுற்றிலும் வெறும் மனைகள். அவளுக்கு அது போதும். ஒரு தரம் இழந்து கிடைத்தவனை இன்னொரு தரம் இழக்க அவளிடம் தெம்பு இல்லை.

பால் ஊற்ற வந்த கெங்கம்மா கயிற்றைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னா லூர்து, கெணத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டுக்கிறாரு உன் ஊட்டுக்காரரு? அவுத்துக்கினு மேயப் பூடுதா?"

"தண்ணின்னா பயம் அதுக்கு. அதான் கடல உட்டு இங்க வந்தோம்."

பால் சொம்பை வாங்கிக்கொண்டு நின்ற வேதநாயகத்தைப் பார்த்துக் கெங்கம்மா சிரித்தாள். "தண்ணிக்குப் பயந்துக்கினா இங்க வந்தே நைனா? நல்ல எடம் பாத்தே. இது ஏரி. என் எருமைங்க இங்கதான் முழுவிக் கெடக்கும். இப்பத்தான் மண்ணப் போட்டு ரோடு உட்டுக்கிறான்."

அவன் காலடியைப் பார்த்தான்.

"கரை எந்தப் பக்கம்?"

"கரையா? நீ நிக்கிறது நடு ஏரி."

அவன் கையிலிருந்த சொம்பு சாய்ந்து பால் மண்ணில் வழிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம், அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னான். ஓடிப்போன தேசத்தில் கடல் போல ஓர் ஏரி. உப்பு வாசனை கிடையாது. இரும்பு வாசனை. குளிர்காலத்தில் காற்று அந்தத் தண்ணீரைக் கடந்து வந்து, இந்தக் கரையில் பனியை வெள்ளையாகக் கொட்டும். ஒரு மைல் தள்ளி வெயில் அடிக்கும். இங்கே நீட்டிய கை தெரியாது. கரிக்கொட்டகைக்குப் போனவன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் வாசலிலேயே விறைத்துச் சாவான். அதனால் வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கயிறு கட்டுவார்கள். ஒருவன் போவான். ஒருவன் கதவருகே நின்று, போனவன் பெயரை விடாமல் கூப்பிடுவான்.

"தேசப்பன் கரி எடுக்கப் போனான். நான் கூப்டேன். பதில் வந்துகினே இருந்துச்சி. அப்பால ஏரிப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி."

"கயிறு?"

"முடிச்சு அவுந்து கெடந்துச்சி."

"எந்தப் பக்கத்து முடிச்சு?"

அவன் இடது கையைப் பார்த்தான்.

"நம்ம பக்கம். கதவுப் பக்கம்."

யார் அவிழ்த்தது என்று அவள் கேட்கவில்லை. மீனைக் கழுவினாள். கழுவிய மீனை மறுபடி கழுவினாள்.

"நான் கெணத்துக்குப் போனா நீ கூப்டணும். பேரச் சொல்லி."

"உன் பேரா? வாய் வெந்துபூடும்."

"வெறுமன கூப்டா யாரு வேணா வந்துடலாம், லூர்து."

அவள் அவன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கோயிலில் கைப்பிடித்த அன்று, சாமியார் சொல்லச் சொன்னபோதுகூட உதட்டை மட்டும் அசைத்தாள். துறைமுக ஆபீசில் புருஷன் பெயர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற லஸ்கர் என்னும் கப்பலாளைச் சொல்ல வைத்தாள். அவளுக்கு அவன் 'இந்தாய்யா'. அவ்வளவுதான்.

மார்கழி இறங்கியது. காலையில் குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய தோல் படிந்திருந்தது. விரலால் தொட்டால் கண்ணாடி போல உடைந்தது. அவனிடம் அதைக் காட்டாமல் கொட்டிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் விடிந்தபோது கொல்லை இல்லை. கதவுக்கு வெளியே வெள்ளை நின்றது. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தமும், செங்கல் வண்டிகளின் கடகடப்பும், பங்களாவின் சாரத்தில் உட்கார்ந்து கத்தும் காக்கைகளும், அந்நேரத்துக்குக் கேட்கும் எதுவுமே கேட்கவில்லை. பஞ்சு அடைத்ததுபோல் இருந்த காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. கயிறு நிலைக்காலிலிருந்து ஒரு முழம் போய் வெள்ளைக்குள் மறைந்தது.

தெருவிலிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது. "லூர்து, பால இங்கியே வெச்சிட்டுப் போறேன். ரோட்டுல வெயிலு சுள்ளுனு கீது. உங்க ஊட்டு மேல மட்டும் இன்னா இது?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வேதநாயகம் வாளியை எடுத்தான்.

"இரு. பனி போவட்டும்."

"இது போவாது." அவன் குரல் அமைதியாக இருந்தது. "போயி நின்னுட்டு வந்துடறேன். எத்தினி நாளு பயந்து ஓடறது? நீ கூப்டு."

வலது கையில் வாளி. இடது கையின் மூன்று விரல்கள் கயிற்றைப் பிடித்தன. நாலடி வைத்தான். முதுகு மங்கியது. பிறகு முதுகு இல்லை. கயிறு மட்டும் அவன் நடைக்கு ஏற்ப அசைந்தது.

மேலிருந்து ஏதோ உதிர்ந்தது. பங்களாவுக்கு அடிக்கும் சுண்ணாம்பு என்று நினைத்தாள். அவள் முழங்கையில் ஒன்று இறங்கியது. சத்தமில்லாமல், எடையில்லாமல். உருகித் தண்ணீரானது. இன்னொன்று இமையில். இன்னொன்று உதட்டில். நாக்கில் பட்டது. உப்பில்லை. இரும்பு.

கயிறு தொய்ந்தது.

"இந்தாய்யா," என்றாள்.

ஒன்றுமில்லை.

"இந்தாய்யா. இங்க."

"ஆங்," என்று பதில் வந்தது. கிணற்றடியிலிருந்து.

மூச்சு விட்டாள். கயிறு மறுபடி இறுகியது. யாரோ பிடித்து வருகிறார்கள். வாளி எங்கும் இடிக்கவில்லை. தண்ணீர் தளும்பும் சத்தம் இல்லை. வெள்ளையை மிதித்துவரும் ஓசை மட்டும். உப்புக் குவியலில் நடப்பதுபோல.

"இந்தாய்யா."

"ஆங்." பாதி வழியில்.

"வாய்யா சீக்கிரம்."

"ஆங்." பக்கத்தில்.

அப்போது வேறு பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கிணற்றுக்கு அப்பால், மதிலுக்கு அப்பால், தெருவும் மனைகளும் இருக்கவேண்டிய இடத்தில், அகலமான தண்ணீரின் மேல் வரும் குரல்போல.

"லூர்து. பேரச் சொல்லு. வழி தெரியல."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. இத்தனை வருடம் சொல்லாத நாக்கு.

கயிறு அதிர்ந்தது. பிடித்து வருவது நெருங்கியது. மூன்று முழம். இரண்டு முழம்.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. நீலம் பாரித்த கை. நகங்களில் வெண்படலம். இடது கை.

ஐந்து விரல்கள்.

"வேதநாயகம்," என்றாள். காற்றுதான் வந்தது. "வேதநாயகம்." இந்தத் தரம் குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, தன் குரலா என்று அவளுக்கே தெரியாத குரல். "வேதநாயகம். வேதநாயகம்."

"வரேன்," என்றது தூரத்துக் குரல். "கூப்டு. வரேன்."

கை அவளைத் தொடவில்லை. அவளைக் கடந்து நிலைக்காலுக்குப் போனது. வேதநாயகமும் தேசப்பனும் ஒரே கட்டுமரத்தில் போட்டுப் பழகிய முடிச்சு. கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அவிழ்க்கத் தெரியும். கட்டைவிரல் முதல் சுற்றைத் தேடி, கண்டு, தளர்த்தியது. அவசரம் இல்லை.

"வேதநாயகம்."

"வரேன் லூர்து." இன்னும் தள்ளி.

கயிறு நழுவி அவள் காலருகே விழுந்தது. விழுந்த நுனி மெல்ல நகர்ந்து, வாசற்படி தாண்டி, வெள்ளைக்குள் போனது. ஐந்து விரல்கள் காலியான நிலைக்காலைப் பற்றிக்கொண்டன. அவளுடைய ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஏரி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.