பாலத்தில் ஏறிய மலை

“பாலத்துல ஏதுடா மேடு?” பின்னால் வந்த பவளக்கொடி கேட்டாள்.

“கையில கட்டின மேட்டுக்கணி இருக்குன்னு சொல்லுதேக்கா.”

“அது சொல்லும். உன் முட்டி என்ன சொல்லுது?”

சகாயம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒற்றையடிப் பாதையின் முதல் வளைவிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. முதுகில் பாம்புக்கடி மருந்துப் பெட்டி. மேலே பனி மூடிய தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி கடிபட்டுக் கிடக்கிறாள். பனியில் ட்ரோன் பறக்காது. அதற்காகத்தான் இந்த மலைகளில் மருந்தைச் சுமந்து ஓடும் மருந்தோடிகள்.

கீழே பெட்டியை எடுத்துக் கொடுத்த பவளக்கொடி, அவன் ஏறுவானா என்று சந்தேகப்பட்டுப் பின்னாலேயே ஏறி வந்திருந்தாள். அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை.

மணிக்கட்டில் கட்டிய மேட்டுக்கணிதான் மருந்தோடிகளைத் தேர்ந்தெடுக்கும். ஏற்றத்தில் படும் பாட்டைச் சமதளத்தில் பட்டிருந்தால் என்ன வேகம் வந்திருக்கும் என்று அது கணக்கிடும். அந்தச் சமதள வேகம் யாருக்கு அதிகமோ, பணி அவருக்கு.

ஆனால் கணியின் நிலப்படத்தில் புதுப் பாலம் கிடையாது. அடியிலிருந்த பள்ளத்தாக்குதான் இருந்தது. பாலத்தின் மேல் நேராக ஓடியவன் பள்ளத்தில் இறங்கி ஏறியதாக அது குறித்துக்கொண்டது. முதல் நாள் அந்த எண்ணைப் பார்த்து சகாயம் மலைத்துப்போனான். பிறகு தினமும் பாலத்துக்கே போனான். ஓடி முடித்தால் மலையேறியவனைப் போலத் தொடை வலித்தது; அந்த எண்ணை அவ்வளவு நம்பினான். பவளக்கொடி ஓடியதோ இந்தச் செங்குத்துப் பாதையில். நிலப்படம் இதை லேசான சரிவாகவே காட்டியது. எண் குறைந்து குறைந்து, மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய ஓட்டப் பணி போயிற்று; பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலைதான் மிஞ்சியது.

“மருந்து சேர இருபத்தாறு நிமிடம் உள்ளது. உங்களுக்குப் பதினாறு போதும்,” என்றது கணி.

“பவளக்கொடி ஓடட்டும். மாத்திக்கொடு,” என்றான் சகாயம்.

“அவருடைய தகுதி போதாது.”

சகாயம் கணியின் பட்டையைக் கழற்றி நீட்டினான். “இது இருந்தாத்தான் பெட்டி திறக்கும். கட்டிக்கக்கா.”

“ஓட்டம் உன் பேர்ல ஏறுமே?”

அவன் முதுகிலிருந்த பெட்டியை இறக்கி அவளிடம் நீட்டினான். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. பட்டையைக் கட்டி, பெட்டியை மாட்டிக்கொண்டு பனிக்குள் பாய்ந்தாள்.

“நான் எறங்கி வர்றதுக்குள்ள பாலத்தைப் பத்தி ஆபீஸ்ல சொல்லிடுடா!”

உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் சகாயம் அந்த வளைவிலேயே சுற்றிச் சுற்றி நடந்தான். பத்தொன்பதாவது நிமிடம் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

‘மருந்து சேர்ந்தது. நோயாளிக்கு மருந்து ஏற்றப்படுகிறது. சகாயராஜ், உங்கள் சமதள வேகம் மலையிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. நாளை முதல் எல்லா மருந்தோடிகளுக்கும் பயிற்சித் தடம்: புதுப் பாலம்.’

அவன் ஆபீஸ் எண்ணைத் திறந்தான்; கட்டைவிரல் அதற்கு மேலேயே நின்றது.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து காலடிகள் இறங்கி வந்தன. அவற்றுக்கு முன்னால் குரல் வந்தது.

“சொல்லிட்டியா சகாயம்? இல்லேன்னா இப்பவாவது சொல்லுடா.”