கிளம்பிய நேரம்

அவள் அந்தப் படக் கம்பெனிக்குள் நுழைந்தபோது காலை பத்தரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்துக் கொடியில் நடனக் குழுவின் சட்டைகள், நாற்பதும் ஒரே மஞ்சள் நிறத்தில், காய்ந்துகொண்டிருந்தன. இங்கே பேய் நடமாடுகிறது என்று யாராவது சூடம் அடித்துச் சத்தியம் செய்திருந்தாலும் அவள் சிரித்திருப்பாள்.

படக் கம்பெனிகளுக்கு டேட்டாபேஸ் மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பது அவள் வேலை. படப்பிடிப்புக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'பேக்கப் அக்கா' என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். வாசல் சாவிக்கே மூன்று நகல். "எனக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கியா?" என்று கணவர் கேட்டால், "ஒண்ணை வெச்சு மேய்க்கிறதே பெரும்பாடு" என்பாள்.

மேனேஜர் அவளை சர்வர் அறைக்கு அழைத்துப்போனார். நல்ல உடம்புக்காரர். ஏசி குளிரிலும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அறை ஒரு காலத்தில் மேக்கப் அறையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஆறு கண்ணாடிகள். அவற்றைச் சுற்றியிருந்த பல்புகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். வெறும் ஹோல்டர்கள் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடந்தன. மேக்கப் போடுவது நின்று எத்தனையோ வருடம் ஆகியும் பவுடர் வாசனை போகவில்லை.

"புது வெர்ஷனுக்கு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை மேடம்," என்றார் மேனேஜர். "முப்பத்தெட்டாயிரத்து நூத்திப் பதினேழாம் நம்பர் பதிவு. யாரோ சோதனைக்குப் போட்டது. தூக்கிடுங்க."

"என்னன்னு ஒரு தடவை பார்த்துட்டுத் தூக்குறேன் சார்."

"பார்க்க அதுல ஒண்ணும் இல்ல. தூக்கினாப் போதும்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். முதலில் நகல். பிறகு எண்ணிக்கை. மாற்றுவதற்கு முன் எத்தனை பதிவு, மாற்றிய பின் எத்தனை பதிவு என்று எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போடுவாள். இருபது வருடமாக அப்படித்தான்.

மொத்தம் 38,206 பதிவுகள். 38,117-ஐ நீக்கினாள். 'ஒரு பதிவு நீக்கப்பட்டது' என்று திரை சொன்னது. மறுபடி எண்ணினாள்.

38,206.

எரிச்சலாக வந்தது. மறுபடி நீக்கினாள். எண்ணிக்கை அசையவில்லை. வேறு அறையிலிருந்து யாரோ திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள் என்று நினைத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். இப்போது இந்த இயந்திரத்தை அவளைத் தவிர யாரும் தொட முடியாது. மூன்றாவது முறை நீக்கினாள்.

38,206.

அப்போதுதான் அந்தப் பதிவைத் திறந்து படித்தாள்.

பெயர்: பூனை. வேலை: டூப். வந்த நேரம்: காலை 6.10. கிளம்பிய நேரம் என்ற கட்டம் காலி.

எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் காலில் வந்து நிற்கிறவள் என்று செட்டில் வைத்த பெயராக இருக்கும். அந்தக் காலிக் கட்டம்தான் அவளை உறுத்தியது. இந்த மென்பொருளில் வந்த ஒவ்வொருவரும் கிளம்பிய நேரம் பதிவானால்தான் அந்த நாளை மூட முடியும். அதில் ஏறியிருந்த பதினோரு வருடத்து நாட்களில் மற்றதெல்லாம் மூடியிருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் திறந்தே கிடந்தது.

குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அவள் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

*கயிறு நைஞ்சிருக்கு.*

பவுடர் வாசனை குப்பென்று ஏறியது. தலைக்கு மேலே, பாரம் தாங்கிய கயிறு முறுகுகிற மாதிரி ஒரு சத்தம். க்ரீச். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, க்ரீச்.

அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் பல்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

வெளியே ஹோல்டர்கள் காலி. உள்ளே மட்டும் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், அவள் நாற்காலிக்குப் பின்னால், கூரையை ஒட்டி, கேன்வாஸ் ஷூ போட்ட இரண்டு கால்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

அவள் திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை.

எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளிடம் ஒரு கோளாறு உண்டு. யாராவது மிரட்டினால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்துவிடும்.

"இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்," என்றாள். குரல் நடுங்கியது; நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். "காலை ஆட்டி பயம் காட்டாதே. என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லு."

காதுக்கு வெகு அருகில், மூச்சே இல்லாத ஒரு குரல் கேட்டது.

"நான் கிளம்பலை."

கதவு திறந்தது. மேனேஜர். கண்ணாடிகள் அணைந்துவிட்டன.

"முடிஞ்சுதா மேடம்?"

"சார், பூனைங்கிறது யாரு?"

அவர் கைக்குட்டை கழுத்திலேயே நின்றது. "ஒரு டூப் பொண்ணு. விழுந்து செத்துப்போயிட்டா. எங்க செட்டுல இல்ல. அன்னைக்கு அவ வேலைக்கே வரலைன்னு நாங்க எழுதிக் கொடுத்துட்டோம். நாளைக்கு விசாரணை அதிகாரி வந்து இந்தப் பதிவெல்லாம் கேட்பாரு."

"வந்திருக்காளே. காலையில ஆறு பத்துக்கு."

"சரி, வந்தா. எழுதிக் கொடுத்ததை நான் பார்த்துக்கிறேன். தூக்க முடியலைன்னா விடுங்க. மத்தியானம் ரெண்டே காலுக்குக் கிளம்பிட்டான்னு போடுங்க. விழுந்தது மூணே முக்காலுக்கு. நாளும் மூடிடும், எல்லாருக்கும் நிம்மதி."

"நான் போட மாட்டேன்."

"உங்க முதலாளிகிட்ட பேசவா?"

"பேசுங்க."

பேசினார். இரண்டே நிமிடத்தில் அவள் போன் அடித்தது. "ஏம்மா, ஒரு கட்டத்தை நிரப்புறதுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?" என்று முதலாளி கத்தினார். "இந்தக் கம்பெனி போச்சுன்னா உன் வேலையும் போச்சு."

"போனா போகட்டும் சார். அந்தப் பொண்ணு ரெண்டே காலுக்குக் கிளம்பலை. கிளம்பினான்னு என் கை எழுதாது." போனை வைத்துவிட்டாள். மனசு லேசாக இருந்தது.

"தள்ளுங்க, நானே போட்டுக்கிறேன்," என்று மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாராளமா போடுங்க. யாரு, எப்ப, எதை மாத்தினாங்கன்னு இந்த மென்பொருள் எழுதி வெச்சுக்கும். உங்க பேரும் ஏறும்."

அவர் விரல் தயங்கியது. தயங்கிய விரலுக்கு அடியில் விசைகள் தாமாகவே அமிழ்ந்தன.

*மேனேஜர்கிட்ட சொன்னேன்.*

க்ரீச்.

*கயிறு நைஞ்சிருக்குன்னு ரெண்டு தடவை சொன்னேன்.*

க்ரீச்.

*ஒண்ணும் ஆகாது, ஏறுன்னார்.*

ஆறு கண்ணாடியிலும் விளக்கு எரிந்தது. மேனேஜர் நிமிர்ந்து எதைப் பார்த்தாரோ, நாற்காலி கவிழ எழுந்தார். கைக்குட்டை தரையில் விழுந்தது. அவர் முற்றத்தில் காய்ந்த மஞ்சள் சட்டைகளை விலக்கிக்கொண்டு வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கேபிளைச் செருகி, புது வெர்ஷனை ஏற்றி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அதற்கு மாற்றினாள். எண்ணினாள். 38,206. காலிக் கட்டம் காலியாகவே இருந்தது. அந்த நாளின் பக்கத்தை அச்செடுத்து, இரண்டு நகல் சேர்த்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

"இருக்கே," என்றாள் காலி அறையைப் பார்த்து. "உன்னை எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது."

மறுநாள் அதிகாரியின் கையில் அந்தக் காகிதத்தை அவளே கொடுத்தாள். அன்று செட்டில் இருந்த லைட்மேன்கள் அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பூனை அங்கேதான் வேலை செய்தாள், அங்கேதான் விழுந்தாள் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. மேனேஜர் வேலையை விட்டுப் போனார். பேக்கப் அக்காவை வேலையிலிருந்து அனுப்ப முதலாளிக்குத் தைரியம் வரவில்லை.

இனிமேல் பூனை கிளம்பிவிடுவாள், அந்தக் கட்டம் நிரம்பிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கம்பெனி புதுப் படம் தொடங்கியது. முதல் நாள் காலை, தன் அலுவலக மேசையிலிருந்து பதிவுகளைச் சரிபார்த்தபோது, கடைசி வரியில் ஒன்று கூடுதலாக இருந்தது. பெயர்: பூனை. வேலை: டூப். வந்த நேரம்: 6.10. கிளம்பிய நேரம் காலி. யார் ஏற்றியது என்ற இடமும் காலி.

குறிப்பு: *கயிறு பார்த்தாச்சு.*

"என்னக்கா இது, குப்பைப் பதிவு? தூக்கிடவா?" என்று பக்கத்து மேசைக்காரி மவுஸை நீட்டினாள்.

"கையை எடு."

அன்றிலிருந்து படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வரி வந்தது. தினமும் அதே நேரம், அதே குறிப்பு. அவளும் தினமும் எண்ணிக்கையில் அதைச் சேர்த்தே கையெழுத்துப் போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் நன்றாக ஏறிய வேளையில், மேசையில் குப்பென்று பவுடர் வாசனை அடித்தது. திரையில் அந்த வரியின் குறிப்பு மாறிக்கொண்டிருந்தது.

*யாரையும் ஏத்தாதீங்க.*

அவள் யோசிக்கவில்லை. சண்டைப் பயிற்சி மாஸ்டருக்குப் போன் போட்டாள். "மாஸ்டர், மேல யாரையும் ஏத்தாதீங்க. கயித்தைப் பாருங்க. இப்பவே."

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிடுவதும், ஏணியை இழுப்பதும் கேட்டது. மாஸ்டர் திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"உள்ளுக்குள்ள இழை விட்டிருக்கும்மா. வெளிய பார்த்தா தெரியவே தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க செட்டுல இருக்கிறவதான்," என்றாள் அவள்.