மும்முறை சைரன் ஒலித்தது

விசில் வரவில்லை.

நந்தகுமார் குக்கருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வெயிட் எழும்பி ஆடியது, ஆவி பீறிட்டுக் கிளம்பி ஜன்னல் கண்ணாடியில் போய்ப் படிந்தது, பருப்பு வேகும் வாசனை சமையலறையெங்கும் நிறைந்து மெல்லக் கருகலாக மாறியது. மதியம் ஒன்றரை மணிக்கே, சிகந்திராபாதை ஒட்டிய ஹப்சிகுடா மழையில் இருண்டு கிடந்தது. தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது, மின்விசிறியின் கிரீச் கேட்டது, பக்கத்து வீட்டு டிவிகூடக் கேட்டது. விசில் மட்டும் இல்லை.

ஈரத் தலையோடு ஓடிவந்த வேதா அடுப்பை அணைத்தாள்.

"மூணு விசில் வந்தா இறக்குங்கன்னு சொல்லிட்டுத்தானே குளிக்கப் போனேன்? பாத்ரூம்ல இருந்தே எட்டு எண்ணிட்டேன்!"

"ஒண்ணுகூட வரலியே வேதா."

"ஆமா, காதைக் கழட்டி கோர்ட்டுல குடுத்துட்டு வந்துட்டீங்க போல."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை பத்து மணிக்குத்தான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான். அணைக்கட்டில் உதவிப் பொறியாளர் அவன். சென்ற ஆகஸ்டில் அவன் பணியில் இருந்தபோது மதகின் இரண்டு ஷட்டர்களைத் தூக்கினார்கள். அந்நேரம் பக்கத்தில் படகில் இருந்த ஐந்து பேரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. இதற்கு அரசுதான் பொறுப்பு என்று குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். அரசின் பதில் ஒன்றே ஒன்று: ஷட்டர் தூக்கும் முன் மும்முறை சைரன் ஒலித்தது, அதை மீறி அவர்களாகவே உள்ளே போனார்கள். பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? சைரன் மோட்டார் எரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தாலும், காலையில் வந்ததும் அன்றைய பக்கம் முழுக்க 'சைரன் மும்முறை' என்று மொத்தமாக எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் அங்கே வழக்கம். அவன் கெட்டவனில்லை. வழக்கத்தை எழுதினான். அப்புறம் எழுதியதற்குச் சத்தியமும் செய்துவிட்டான்.

சோறு இறங்கவில்லை. காற்று வாங்கலாமென்று கீழே வந்து வாசலில் கால் வைத்தான். ஒரு ஸ்கூட்டர் அவன் இடுப்பை உரசிக்கொண்டு சறுக்கி நின்றது.

"க்யா அங்கிள்! கித்னா ஹார்ன் மாரா! காது கைக்கு ரக்கா?"

எத்தனை ஹார்ன் அடித்தேன், காது எதற்கு வைத்திருக்கிறாய் என்ற ஸ்கூட்டர்க்காரனின் திட்டு கேட்டது. டயர் தேய்ந்த சத்தம் கேட்டது. ஹார்ன்?

கேட் ஓரம் அபார்ட்மென்ட் நாய். பல்லைக் காட்டி, முடி சிலிர்த்து, உடம்பு குலுங்கக் குலுங்கக் குரைத்துக்கொண்டிருந்தது. அதன் நகங்கள் சிமென்ட்டைக் கீறுவது தெளிவாகக் கேட்டது. குரைப்பு இல்லை. அது குரைத்தது அவனைப் பார்த்தும் இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. திரும்பினான். யாருமில்லை. அணைக்கட்டுத் தண்ணீரின் பாசி நாற்றம் மட்டும் முகத்தில் அடித்தது.

எச்சரிக்கிற சத்தம் எதுவும் இனி அவனிடம் வராது. அது அவனுக்குப் புரிந்துவிட்டது.

அரசு வக்கீல் ஆக்னஸுக்குப் போன் போட்டான்.

"மேடம், அதைத் தாக்கல் பண்ணாதீங்க. சைரன் அடிக்கவே இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்."

ஆக்னஸ் சிகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"டென்ஷன் நக்கோ சார், வேண்டாம். அது பன்னெண்டு மணிக்கே உள்ள போயாச்சு."

"திருப்பி வாங்கிக் குடுங்க மேடம். உங்க கால்ல விழறேன்."

"கோர்ட்டுக்குப் போனது பரோட்டா பார்சலா சார், மாத்தி வாங்கிக்க? இப்ப மாத்திச் சொன்னா கேஸ் உங்க தலையில விழும்."

"என் தலையிலயே விழட்டும்!"

"நாளைக்கு வாங்க, பேசலாம். வீட்ல பொண்ணு இருக்கு, அதை நினைச்சுப் பாருங்க." வைத்துவிட்டாள்.

பொண்ணு.

அமீர்பேட்டில் கோச்சிங் முடித்து ஹம்ஸினி இரண்டரை மணி மெட்ரோவில் வந்து இறங்குவாள். வரப்போகும் ஆபத்து அவனுக்குத்தான் வர வேண்டும் என்று என்ன இருக்கிறது?

குடைகூட எடுக்காமல் ஓடினான்.

ஸ்டேஷனுக்குக் கீழே சாலை முழுக்க முழங்கால் தண்ணீர். தேங்கியது வடியட்டும் என்று யாரோ நடுவில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சிகூட நடவில்லை. பழுப்புத் தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் மெல்லச் சுழன்றது. ஒரு செருப்பு மிதந்து வந்தது. சுற்றியது. காணாமல் போனது.

எதிரே ஹம்ஸினி. பை தலைமேல். நேராக அந்தச் சுழலை நோக்கி.

"நில்லு!"

தொண்டை கிழிந்தது. நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

சத்தம் வரவில்லை.

மழை கேட்டது. பஸ் உறுமியது. அவன் குரல் மட்டும் இல்லை. இரண்டு கையையும் வீசினான். அவள் பார்த்துவிட்டாள். பளீரென்று சிரித்தாள்.

"ஏமைந்தி பா, என்னாச்சு? நடுரோட்ல டான்ஸா? இதோ வந்துட்டேன்!"

பத்தடி.

தண்ணீரில் பாய்ந்தான். கால் நகரவில்லை. சேறு பிடித்து இழுத்தது.

ஆறடி.

சுழலுக்கு இருபுறமும் யாரோ நின்றார்கள். ஐந்து பேர். அந்த முழங்கால் தண்ணீரில் மார்பு வரை மூழ்கி. முடியில் பாசி. முகமெல்லாம் ஹம்ஸினியின் பக்கம். நில் என்பதுபோல் கைகளை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, வாயை அகலத் திறந்து, ஐந்து பேரும் அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

ஹம்ஸினி சிரித்தபடியே அடுத்த காலைத் தூக்கினாள்.