கழுகுப்பாறை வளைவு

“சைக்கிள்காரங்க யாரும் எங்ககூட வர வேண்டாம்!”

ரெஜினா போட்ட சத்தத்தில் மலையடிவாரத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கழுகுப்பாறைக்கு ஏறும் காட்டுப்பாதை ஒன்றுதான். நடப்பவர்களுக்கும் அதுதான், மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான். நடப்பவர்கள் பாதையில் கல்லை உருட்டிப் போட, சைக்கிள்காரர்கள் அறிவிப்புப் பலகையைப் பிடுங்கி எறிய, வருஷக்கணக்கில் சண்டை. படித்தவர்களின் லட்சணம் இது! இப்போது ரெஜினாவின் அண்ணன் அருள்தாஸைக் காணவில்லை. நேற்றுக் காலை தனியாக மலையேறியவர் இன்னும் திரும்பவில்லை.

“அருவிப் பக்கம் தேடுவோம்மா. அருளுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்” என்றார் கோமதிநாயகம். அருள்தாஸோடு எப்போதும் மலையேறுகிறவர்.

“அருவிப் பக்கம் வேண்டாம் சார்.”

சொன்னவன் ஜாபர். சைக்கிள் கூட்டத்தில் வேகத்துக்குப் பேர்போனவன். தோளில் கயிறு, தலையில் சிவப்பு ஹெல்மெட், முகத்தில் ரத்தமே இல்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ரெஜினா.

“நேத்து நான் மேலேருந்து இறங்கி வந்தேன்க்கா. கழுகுப்பாறை வளைவுல உங்க அண்ணன் ஒதுங்கி வழிவிட்டாரு. ‘தேங்க்ஸ்ண்ணே’ன்னு கத்திட்டு வந்துட்டேன். நிக்கல... திரும்பியும் பார்க்கல.”

“எந்தப் பக்கம் ஒதுங்கினான்?” என்றார் கோமதிநாயகம்.

“பள்ளத்துப் பக்கம் சார்.”

பொதி சுமக்கும் குதிரையோ சைக்கிளோ, எது எதிரே வந்தாலும் மலைச்சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும். அங்கே நடக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. அருள்தாஸுக்கும் தெரியும். ஆனால் பாய்ந்து வரும் பையன் பள்ளத்தில் போய்விடக் கூடாதே என்று, பத்திரமான பக்கத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் விளிம்பில் நின்றிருக்கிறார்!

ரெஜினாவின் கை அறையத்தான் ஓங்கியது. பிறகு இறங்கியது. “நட. இடத்தைக் காட்டு.”

மூவரும் மூச்சிரைக்க ஏறினார்கள். வளைவில் விளிம்பு மண் சரிந்து கிடந்தது.

“அண்ணே!” என்று அலறினாள் ரெஜினா. பதில் இல்லை. மறுபடி அலறினாள். கீழே ஒரு முனகல்!

ஜாபர் கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினான். காலடியில் கல் பெயர்ந்து உருண்டது. “பார்த்து, பார்த்து!” என்று கத்தியபடி இருவரும் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். அவன் பாறையில் மோதினான், முழங்கை கிழிந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஒரு புதரில் சிக்கி, கால் ஒடிந்து, உதடு வெடித்துக் கிடந்தார் அருள்தாஸ். ஜாபர் அவர் வாயில் தண்ணீர் விட்டான். அவர் கண் திறந்து சிவப்பு ஹெல்மெட்டையே பார்த்தார்.

“நேத்து சைக்கிள்ல வந்தது நீதானே தம்பி? விழாம போய்ட்டியா?”

ஜாபர் உடைந்து அழுதான். “போய்ட்டேண்ணே” என்றான் எப்படியோ.

கோமதிநாயகம் போனில் சொன்னதும் இரு கூட்டத்தாரும் ஓடி வந்து, அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கி, தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைச் சுமந்து இறக்கினார்கள். அடிவாரத்தில் ஒரே ஆரவாரம்! ஜாபர் மட்டும் ஒதுங்கித் தலைகுனிந்து நின்றான். வழிவிட்டவரை ஒரு கணம் திரும்பிப் பார்க்க என்ன செலவாகிவிடும்? அந்த ஒரு கணத்தைத்தான் அவன் கொடுக்கவில்லை.

ரெஜினா அவன் எதிரே வந்து நின்றாள்.

“நீ வாயைத் திறக்கலைன்னா அவரை நாங்க அருவியிலதான் தேடிட்டு இருந்திருப்போம். அதுக்கு நன்றி. ஆனா மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே. அண்ணன் முதல்ல எழுந்து நடக்கட்டும்.”

“சரிக்கா” என்றான் ஜாபர்.

“ஆஸ்பத்திரிக்கு வா. உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”