கித்தான் பை

வாடைக் காற்று அயனம்பாக்கம் ஏரியை அடித்துப் புரட்டிக்கொண்டிருந்தது. கரையோரக் கருவேல மரங்கள் தலைவிரித்து ஆடின. செங்கல்வராயனின் தோளிலிருந்து பறந்து தண்ணீரில் விழுந்த துண்டு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. தோணி மட்டும் அசையாமல் நின்றது.

"இன்னா மாமா இது? தரையில நட்ட மாரி நிக்குது," என்றான் வரதன்.

"நிக்கணும்னுதானடா பை தச்சேன், பேமானி."

காற்றுக்குத் தோணி ஓடினால் விரால் தூண்டில் நிற்காது. அதனால் ஏரிக்காரர்கள் ஒரு கோணியின் வாயில் பிரம்பு வளையம் கட்டி, கயிற்றில் பிணைத்துத் தண்ணீரில் விடுவார்கள். பை தண்ணீரை வாங்கி உப்பி, தோணியைப் பின்னால் இழுத்துப் பிடித்து மெதுவாகப் போகவிடும். அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை கட்டாயம் இருக்கும். 'வந்தது போவட்டும்' என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பையையே எறிவார்கள்.

செங்கல்வராயனுக்கு இதைக் கேட்டாலே சிரிப்புதான். தண்ணீரைப் பிடிக்க ஒரு பையாம், அது ஒழுகிப் போக ஓர் ஓட்டையாம், அதற்கு ஒரு மந்திரமாம்! ஆவடிப் பட்டாளத்து முகாமில் கொஞ்ச நாள் மூட்டை தூக்கியதிலிருந்து ஊரில் ஒருத்தனும் அவன் கண்ணுக்கு மனிதனாகத் தெரியவில்லை. முகாமில் கிழித்துப் போட்ட கூடாரக் கித்தானைச் சுருட்டிக்கொண்டு வந்து பை தைத்தான். சொட்டு நீர் கசியாத துணி. ஓட்டையும் வைக்கவில்லை. இரட்டை நூல் போட்டு அடியை மூடினான். மந்திரத்துக்குப் பதிலாகத் தண்ணீரில் காறித் துப்பிவிட்டுப் பையை எறிந்தான்.

தெற்குக் கரையில் அவன் வீடு. யுத்தகால உத்தரவுக்குப் பயந்து கறுப்புக் காகிதம் சுற்றிய விளக்கோடு அவன் மனைவி கன்னியம்மாள் வாசலில் நிற்பது அந்தி வெளிச்சத்தில் தெரிந்தது. அவளுக்கு இது பேறுகால மாதம். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் இந்தத் தம்பி வரதன்தான். "அவனுக்கு எதுனா ஆச்சுன்னா நானும் இல்ல, வயித்துல கீறதும் இல்ல" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அக்காளும் தம்பியும் சரியான பயந்தாங்கொள்ளிகள் என்று அவன் அதற்கும் சிரித்துவிட்டு வந்திருந்தான்.

"மாமா, கயித்தப் பாரு."

பார்த்தான். காற்றோடு மல்லுக்கட்டி விறைத்து நிற்க வேண்டிய கயிறு தொளதொளவென்று தொங்கியது. பை இழுக்கவில்லை. அப்படியானால் தோணியை எது நிறுத்தி வைத்திருக்கிறது? நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல் தண்ணீரிலிருந்து ஒரு முடை நாற்றம் எழுந்து வந்து, அத்தனை காற்றிலும் கலையாமல், மூக்கிலேயே நின்றது. அடிப்பலகையில் ஏதோ உரசியது. மீன் உரசுகிற உரசல் அல்ல. உள்ளங்கையால் சுவரைத் தடவி வழி தேடுகிற மாதிரி, நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.

பிறகு தோணி நகர்ந்தது. வடக்கே. காற்றை எதிர்த்து.

"அறுத்து வுட்டுடு மாமா! உன் கால்ல வுழறேன்!"

"பட்டாளத்துக் கித்தான்டா இது. உங்கொப்பன் ஊட்டுச் சொத்தா, அறுத்து வுடறதுக்கு?"

"அப்போ நான் நீஞ்சிப் பூடறேன்."

"போடா போ! போயி உங்கக்கா முந்தானைல ஒளிஞ்சிக்கோ!"

வரதன் குதித்துவிட்டான். அலைகளுக்கு நடுவே அவன் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மறைந்தது. செங்கல்வராயன் எழுந்து நின்று பார்த்தான். வெறும் தண்ணீர். ஐயோ, அவளிடம் என்ன சொல்வது?

சற்றுப் பொறுத்துத் தெற்குக் கரையில் ஓர் உருவம் ஏறியது. வரதன்தான். அதே ஒல்லி உடம்பு, அதே கூன் நடை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு ஏளனமும் வந்தது. கோழைப்பயல், நன்றாகத்தான் நீந்தியிருக்கிறான்.

கயிறு கையில் வெடுக்கென்று இழுத்தது.

இழுத்தான். பை கனத்தது. இரண்டு கையாலும் இழுத்தான். பிரம்பு வளையம் தோணியின் ஓரத்தில் வந்து முட்டியது. வாய் அகன்று மேலே பார்த்தது.

உள்ளே வரதன்.

கண் திறந்திருந்தது. வாய் நிறையச் சேறு. காதில் அவன் சிவப்புக் கடுக்கன். தொட்டான். ஜில்லென்றிருந்தது. மூச்சு இல்லை.

கரையைப் பார்த்தான். அந்த உருவம் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தலையைத் துவட்டவில்லை. அவசரப்படவில்லை.

"கன்னீ! அவன உள்ள வுடாதடி!"

கயிற்றை அறுத்தான். தோணி நகரவில்லை. துடுப்பைப் போட்டான். துடுப்பைக் கீழே ஏதோ பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டான்.

"உள்ள வுடாத! கதவ சாத்திக்கோ! அது அவன் இல்ல!"

காற்று அவன் பக்கம்தான் இருந்தது. அவன் கத்தியதை ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய் வாசலில் சேர்த்தது. கன்னியம்மாள் நன்றாகவே கேட்டாள். நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தம்பியை அவன் வாசலிலேயே நிறுத்தி ஏசியது, பிச்சைக்காரப்பயல் என்றது, சோற்றை எண்ணியது எல்லாம் அவளுக்குத் தெரியாதா? இன்றைக்கு ஏரியிலிருந்தும் ஆரம்பித்துவிட்டான்.

"த்தூ!" என்று அவள் துப்பியது அந்தத் தூரத்திலும் தெரிந்தது.

பிறகு முந்தானையை எடுத்து அதன் தலையைத் துவட்டினாள். அது அவள் தோளுக்கு மேலாகத் தோணியைப் பார்த்தது. குனிந்து, அவள் நிறைவயிற்றில் காதை வைத்தது. அவள் சிரித்தாள். அதன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தினாள்.